வாட்டாத அரிவாள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ராஜபாளையத்தில் மர அறுவை மில், செட்டியார்பட்டியில் நாற்றுப்பண்ணை, ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் மூன்று ஏக்கர் தேக்கு, எல்லாம் யார் தயவும் இல்லாமல் நான் உண்டாக்கியவை.

போன வாரம் அய்யனார் கோவில் பக்கம் காட்டோரத்தில், பட்டை கசிந்து காய்கிற மரங்களை ஆராய ஒரு பெண் வந்தார். இடம் காட்ட நானும் கூடப் போனேன். ஒரு மரத்தைச் சீவியதும் கத்தியை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தினார். சூடான இரும்பில் பிசின் கருகும் வாடை வந்தது.

அது என் அப்பாவின் வாடை. மாந்தோப்புகளில் கிளை கழிப்பது அவர் வேலை. நோய் மரத்தில் கை வைத்தால், அரிவாளைச் சருகுத் தீயில் வாட்டாமல் அடுத்த மரத்துக்குப் போகமாட்டார்.

"என்னண்ணே, அரிவாளுக்குக் காய்ச்சலா?" என்று தோப்புக் காவலாளி சிரிப்பார்.

"ஏலே, மரத்துக்கு வந்தது இதுக்கு ஒட்டிக்கிடாதா?" என்பார் அப்பா.

பத்து வயதில் ஒரு நாள், அவர் சாப்பிடப் போன நேரம், நோய் மரம் கழித்த அரிவாளை வாட்டாமலே எடுத்து மூன்று மரம் கழித்தேன். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கும் ஆசை. மூன்றும் காய்ந்தன. அப்பாவுக்குத் தோப்பு வேலை போயிற்று. தீ போதவில்லை என்று கடைசிவரை தன்னையே குறை சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

கத்தியைக் கொளுத்தி முடித்த அந்தப் பெண்ணிடம், "இது கத்தியிலதான் பரவும்மா," என்றேன்.

"கத்தியில பரவும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்யா?" என்று அவர் கேட்டார்.

"நானே பரப்புனேன்மா," என்றேன்.

அவர் அறிக்கை எழுதப்போகிறாராம். அதில் என் பெயர் வரவேண்டும். அரிவாளை வாட்டியவர் அப்பா, வாட்டாமல் மூன்று மரத்தைக் கொன்றவன் நான் என்று தெளிவாகப் போடவேண்டும்.