ஃபைலம்மா ஃபைலை இறக்கி வைத்த வருஷம்

ஃபைலம்மாவுக்கு நான் நாலாயிரம் கடன்பட்டிருந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? நாலாம் வகுப்போடு நின்றவள் நான். அடுத்தவர் கடையில் அளவெடுத்து, பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள், சொந்தமாக ஒரு பழைய மெஷின் வாங்கியது அந்தப் பணத்தில்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கைவேலை. இன்றைக்கு ஆறு மெஷின், கடைக்கு மேலேயே வீடு. என் அளவு இந்தத் தெருவில் ஒருத்திக்குக்கூடத் தப்பியதில்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர.

ஃபைலம்மா பதிவு அலுவலகத்தில் எழுத்தர். வெயிலோ மழையோ, ஒரு பச்சை ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தெருவில் நடப்பாள். அதனால்தான் அந்தப் பெயர்.

"என்னம்மா, உள்ள சொத்துப் பத்திரமா?" என்று பழக்கடைக்காரர் சீண்டுவார்.

"ஆமா, உங்க கடையத்தான் எழுதி வாங்கியிருக்கேன்" என்பாள். நாக்கு அவ்வளவு கூர்மை. ஆனால் ஃபைல் மட்டும் இறங்காது.

காரணம் எனக்கு முதல் முறை அளவெடுத்தபோதே தெரிந்துவிட்டது. வலது மார்பு எல்லாரையும் போல இருந்தது. இடது மார்பு பாதிகூட வளரவில்லை. அவள் சுவரைப் பார்த்து நின்றாள். பக்கத்து நாற்காலிக் கடையில் கழித்துப் போட்ட ஸ்பாஞ்சை வாங்கிவந்து, கிண்ணம் போலச் செதுக்கி, மெல்லிய பருத்தித் துணி சுற்றி, பிளவுஸின் இடப்பக்கத்துக்குள் வைத்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றாள். மறு வாரம் நாலாயிரத்தோடு வந்தாள்.

"மெஷின் வாங்குங்க. திருப்பித் தர வேணாம்க்கா. தைச்சுக் கழிச்சிருங்க."

இருபத்திரண்டு வருஷம் தைத்தேன். கடன் எப்போதோ தீர்ந்துபோனது. இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அளவெடுக்கத் திரை இழுத்துவிட்ட கடையின் சின்ன மூலையில் அவள் தன் மேலதிகாரி மாதிரியே பேசிக் காட்டுவாள். நான் சிரித்து ஊசியைத் தவறவிடுவேன். இன்று ஆறு மெஷின் ஓடினாலும் அந்த ஒற்றை மெஷின் சத்தம்தான் காதில் நிற்கிறது.

நாற்பத்தாறு வயதில் ஒருநாள் வந்து சொன்னாள். "ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்க்கா. இடப்பக்கம் உள்ள சிலிக்கான் பை வைப்பாங்களாம்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன்டி, என் ஸ்பாஞ்சுக்கு என்ன கேடு?"

"வேர்த்தா நகருமோன்னு நாள் பூரா பயம்க்கா. அஞ்சு மாசத்துல ஆபீஸ்ல குரூப் போட்டோ. வராந்தால மாட்டியிருக்கற அத்தனை போட்டோலயும் ஃபைலோட நிக்கறேன். ஒண்ணுலயாவது கையத் தொங்கவிட்டு நிக்கணும்."

துணைக்கு நான்தான் போனேன். டாக்டரம்மா எதையும் பூசி மெழுகவில்லை. மார்பின் அடி மடிப்பில் கீறி பையை வைப்பார்களாம். முதல் வாரம் நெஞ்சில் கல்லை வைத்தது போல இறுக்குமாம். கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, சில வாரங்களுக்குக் கனம் தூக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும். காம்பு மரத்துப் போகலாம். சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலும் போகலாம். பையைச் சுற்றி உள்தழும்பு இறுகி மார்பு கெட்டியாகலாம். பை ஆயுசுக்கும் வராது, ஒருநாள் மாற்ற வேண்டி வரலாம். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாகிவிடும் என்று நினைக்கவே கூடாது. ஃபைலம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"முதல்ல மேல தூக்கலா நிக்கும். இறங்கி உக்கார மூணு மாசமாவது ஆகும். அதுக்கு முன்னாடி அளவெடுத்துத் தைச்சிராதீங்க" என்றார் டாக்டரம்மா கடைசியாக.

ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டது நான்தான். மூன்றாவது வாரமே போட்டோவுக்கென்று வாங்கிய நீலப் பட்டுத் துணியை எடுத்துவைத்து டேப்பை நீட்டினேன்.

"டாக்டர் வேணாம்னாங்களேக்கா?"

"டாக்டர் உடம்ப வெட்டறவங்க. துணி வெட்டறவ நான்."

தைத்ததை அவள் மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருந்தாள். போட்டோவுக்கு முந்தின நாள்தான் கடைக்கு வந்து போட்டுப் பார்த்தாள். வீக்கம் வடிந்து மார்பு கீழே இறங்கி அமர்ந்திருந்தது. என் தையலோ இடப்பக்கம் மேலே காற்றுப் பையாக உப்பி, கீழே இறுக்கிப் பிடித்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த பச்சை ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பரவால்லக்கா. பழகினதுதானே."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. "கழட்டுடி" என்றேன். உள் ஓரத்தில் இரண்டு விரற்கடை துணி விட்டுத் தைக்கிற என் பழக்கம் மானத்தைக் காப்பாற்றியது. தையலைப் பிரித்துப்போட்டுப் புதிதாக அளவெடுத்தேன். இந்த முறை அவள் சுவரைப் பார்க்கவில்லை, டேப்பைப் பார்த்தாள். இரண்டு பக்கத்துக்கும் நூலளவுதான் வித்தியாசம். ஸ்பாஞ்சு டப்பாவைத் திறக்காமலே தைத்து முடித்தேன்.

மறுநாள் போட்டோ முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். இரண்டு கையும் வீசி நடந்து வந்தாள்.

"எங்கடி ஃபைல்?"

"அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தாச்சு. கைய நீட்டுங்க. தையல் கூலி எவ்வளவு?"

"உங்கிட்டயா வாங்குவேன்? அந்தக் கடன்..."

"அது தீந்து எத்தனையோ வருஷமாச்சுன்னு எனக்கும் தெரியும்க்கா. காசு குடுத்தா வெளியாளாயிருவேன்னுதான் இத்தனை வருஷம் குடுக்கல. வெளியாளா உங்க முன்னாடி அளவு குடுத்து நிக்கக் கூச்சமா இருந்துச்சு. இப்ப இல்ல. மத்தவங்களுக்கு என்ன ரேட்டோ அதச் சொல்லுங்க."

"பிரிச்சுத் தைச்சதுக்கும் சேத்தா?"

"உங்க தப்புக்கு நான் ஏன் காசு அழணும்?"

கூலியைச் சொல்லிக் கையை நீட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணி, நோட்டுகளை என் உள்ளங்கையில் வைத்தாள், அதன்மேல் சில்லறையையும்.