ஒற்றைக்கண் வெள்ளிக்காசு

வாப்பா இறந்த வருஷத்தை யாராவது "எல்லாருக்கும் கஷ்டமான காலம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். எல்லாருக்கும் ஒரே கஷ்டம் இல்லை. வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அதை வெளியே சொல்லக்கூடாது என்றது அவருடைய கம்பெனி. சொன்னால் சைட்டை மூடிவிடுவார்களாம், சொன்னவனுக்கு விசா கட். அதனால் வளைகுடாவில், ரூவியில் எங்கள் ஃபிளாட்டின் உள்ளறையில், வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு இருமினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது.

ஊரடங்கு என்று தெருமுனையில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். டாக்ஸி இல்லை, ஹார்ன் இல்லை. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுவது நான்கு மாடிக்கும் கேட்டது.

உம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு மாட்டிக்கொண்டார். பழைய வெள்ளிச் சாமான் கடையில் அவருக்கு வேலை. கடையை அடைக்கும்போது ஒரு காசைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சங்கிலியில் மாட்டக் கொக்கி வைக்கச் சொல்லி ஒரு ஜெர்மன் கிழவர் கொடுத்தது. அவர் திரும்பி வரவில்லை. காசு வட்டமாக இல்லை, சதுரம். ஒரு பக்கம் முத்திரை. மறுபக்கம் ஒரு முகத்தின் துண்டு: ஒரு கண், பாதி மூக்கு.

"இது யார் மாமா?"

"யாருக்குத் தெரியும். அந்தக் காலத்துல ஒரு ஊரை எதிரிப் படை சுத்தி வளைச்சுக்கிச்சு. உள்ள காசு தீந்துபோச்சு. பட்டாளத்துக்குச் சம்பளம் தரணுமே. சர்ச்சுல இருந்த உருவம் போட்ட வெள்ளித் தட்டை வெட்டி முத்திரை குத்திக் கொடுத்துட்டானுவ. சண்டை முடிஞ்சதும் கொண்டா, நல்ல காசு தரேன்னு பேச்சு."

உள்ளறையிலிருந்து வாப்பா சொன்னார்: "எங்க கம்பெனி அதுகூடத் தரல, மச்சான்."

காய்ச்சல்காரருக்கு வெள்ளி போட்ட தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுப்பது உம்மாவின் வழக்கம். கலப்பில்லாத வெள்ளி வேண்டும். காசு சுத்த வெள்ளி என்று மாமா வாய்தவறிச் சொன்னதே போதும், அதைக் கழுவிக் கண்ணாடித் தம்ளரில் போட்டுவிட்டாள்.

"லாத்தா, அதுல முகம் இருக்கு. ஓதுன தண்ணியில உருவம் ஆகுமா?" என்று மாமா அக்காவைத் தடுத்தார்.

"குப்புறப் போட்டிருக்கேன். நீ உன் வேலையைப் பாரு."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வாப்பா தம்ளரைத் தூக்கிக் குடித்தபோது அடிக்கண்ணாடி வழியாக அந்தக் கண் தெரிந்தது. தண்ணீரில் பெரிதாகி என்னைப் பார்த்தது. வாப்பா வைத்த பிறகு எட்டிப் பார்த்தேன். காசு புரண்டிருந்தது. கண் இப்போது மேலே, வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

எனக்குப் பயம் வந்தது. "அந்த ஊரு ஆளுங்க பிழைச்சாங்களா மாமா?"

மாமா வாப்பாவைப் பார்த்தபடி, "பிழைச்சாங்க புள்ள" என்றார்.

வாப்பாவுக்கு அதை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காசை எடுத்து ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினேன். ரத்தம் வந்தது. "ஆமா வாப்பா, பாருங்க. கொஞ்சம்கூடத் தேயல. இப்ப வெட்டுன மாதிரி இருக்கு."

மாமா காசைப் பிடுங்கினார். அதன் ஓரத்தைத் தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார். "விசா போயிடுமேடா" என்று உம்மா அழுதாள்.

நல்ல சேதி சொன்ன என்மேல் மாமாவுக்கு என்ன கோபம் என்று புரியாமல் விரலைச் சூப்பிக்கொண்டு நின்றேன். காசு கை மாற மாறத் தேயும். கை மாறாமலே போன, தேயாத காசை வாங்கியவன் என்ன ஆனான் என்று யோசிக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.