அப்பாடா சொன்ன எண்பது பேர்

ஜெயசீலி கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எட்மண்ட் வேலையிலிருந்து வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குள் நுழைந்தான். முகமெல்லாம் பல்.

"ஜெயா, ரயிலு மணிக்கு அறுவது கிலோமீட்டர் போவுது. காலம் மணிக்கு எவ்ளோ போவுது?"

"தோச தீயுது, நவுருங்க."

"சொல்லு. காலம் ஓடுது ஓடுதுன்றோமே, ஓடற எதுக்கும் வேகம்னு ஒண்ணு இருக்கணும் இல்ல? இதுக்கு வேகம் இன்னா?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடி யோசித்தாள். "மணிக்கு ஒரு மணி."

எட்மண்ட் கைதட்டினான். "அதான்! மணிக்கு ஒரு மணி! அது ஒரு வேகமா? ஒரு கிலோ அரிசி இன்னா விலைன்னு கேட்டா, ஒரு கிலோ அரிசின்றான் கடைக்காரன். நீ ஒத்துப்பியா? வேகமே சொல்ல முடியலன்னா அது ஓடவே இல்லன்னுதானே அர்த்தம்?"

அது 1986 டிசம்பர் முதல் வாரம். எட்மண்ட் திருவள்ளூர் பாதையில் ஓடும் மின்சார ரயில்களில் கார்டு. அன்று நெமிலிச்சேரிக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் வண்டி பன்னிரண்டு நிமிடம் நின்றதாம். அந்தத் தாமதத்தை நோட்டில் எழுதும்போதுதான் இந்தக் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. இப்படி ஏதாவது ஒன்று அவனை அடிக்கடி பிடித்துக்கொள்ளும். போன வருடம் எறும்பு தூங்குமா என்று ஒரு வாரம் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஜெயசீலிக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அவன் பேசுவான், அவள் கேட்பாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது என்று அவளும் நினைத்தாள், அவனும் நினைத்தான்.

இந்தத் தடவை ஊருக்கே பிடித்துவிட்டது. இரண்டே வாரத்தில் பட்டாபிராம் ஸ்டேஷன் டீக்கடையில் ஆளுக்கு ஆள் "இன்னா மாமே, மணிக்கு ஒரு மணியா?" என்று விசாரித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எதிர்த்துப் பேச வந்தவர்களை எட்மண்ட் வேப்பம்பட்டு ஸ்டேஷனைக் காட்டி மடக்கினான்.

"வண்டி வேப்பம்பட்ட தாண்டிப்போச்சு. வேப்பம்பட்டு இல்லாமப் பூடுச்சா? அங்கயே கீது. நேத்திக்கும் அப்படித்தான், அங்கயே கீது. நாளிக்கும் இப்பவே அதோட எடத்துல கீது. வந்துச்சு, போச்சுன்றது நம்ம நெனப்பு அண்ணாத்தே!"

ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த கங்காதரன்தான் நண்பர்கள் மன்றத்துக்குச் செயலாளர். அவன் சும்மா இருப்பானா? காணும் பொங்கலன்று பட்டிமன்றம் என்று நோட்டீஸ் அடித்துவிட்டான். தலைப்பு: காலம் ஓடுகிறதா, ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறதா? தோன்றுகிறது என்ற அணிக்கு எட்மண்ட் தலைவர். நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கலியமூர்த்தி. எட்மண்டின் அணியில் சேர அடிதடி. எதிரணிக்கு மூன்று பேர் பெயர் கொடுத்து, அதில் ஒருவர் எட்மண்டிடம் டீக்கடையில் ஒரு தடவை மாட்டியதும் பின்வாங்கிவிட்டார்.

இந்த அமளியெல்லாம் நடந்தபோது ஜெயசீலிக்கு மூச்சுவிட நேரமில்லை. அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தாள். பெரிய ஆர்டர். சுவரில் இருந்த கரும்பலகையில் "ஷிப்மெண்ட்: ஜனவரி 10, சனி, மாலை 6" என்று டிசம்பர் முதல் தேதியே எழுதிவிட்டார்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை தையல். கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு நாள் லீவு. வீட்டுக்கு வந்தால் முதுகு இரண்டாகப் பிளந்துவிடும்போல வலிக்கும்.

எட்மண்ட் ஆறுதல் சொல்வான். "பத்தாம் தேதி ஆறு மணிக்கு முடியுது. அது இப்பவே அங்க நிச்சயமா கீது. இன்னாத்துக்குக் கவலப்படற?"

அவன் சொல்வதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. முதுகுவலிதான் குறையவில்லை.

பத்தாம் தேதியும் வந்தது. ஐந்தே முக்காலுக்குக் கடைசி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினார்கள். சரியாக ஆறுக்கு சூப்பர்வைசர் மெயின் சுவிட்சை இறக்கினார். நாற்பது நாளாக இரைந்துகொண்டிருந்த மெஷின்கள் ஒன்றாக அடங்கின. அந்த அமைதியில் எண்பது பெண்கள் ஒரே மூச்சில் "அப்பாடா!" என்றார்கள்.

ஜெயசீலியும் சொன்னாள். சொன்னவள் அப்படியே எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து மெஷின் கெங்கம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, இப்ப இன்னாத்துக்கு அப்பாடா சொன்ன?"

"வேல முடிஞ்சுதுல்ல?"

"பத்தாம் தேதி ஆறு மணிக்கு முடியும்னு மொத நாளே போர்டுல எழுதிப் போட்டாங்களே. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

கெங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? முடியும்ன்றது வேற. முடிஞ்சுபோச்சுன்றது வேற."

ஜெயசீலி அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

பட்டாபிராமில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக சைக்கிள் கடை. "அந்தப் பக்கம் ஒரு ஆள் கொறையுதாமே. நான் பேசறேன்."

கங்காதரன் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தான். "யார எதிர்த்துன்னு தெரியுமில்ல அண்ணி?"

"தெரியும். பன்னண்டு வருஷமா தெரியும்."

அடுத்த ஆறு நாளும் அந்த வீட்டில் வேடிக்கைதான். மனைவி பேசப்போகிறாள் என்றதும் எட்மண்ட் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டாம் நாள் சிரிப்பு குறைந்தது. மூன்றாம் நாள் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தான். "ஒரு வார்த்த சொல்லேன், ஜெயா. ஒரே ஒரு வார்த்த." அவள் வாயே திறக்கவில்லை. துணி துவைக்கும்போதும், காய் நறுக்கும்போதும், அந்த எண்பது பேரின் குரல் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. தன் தலைக்குள் இப்படி ஒன்று வந்து உட்காரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

காணும் பொங்கல் சாயங்காலம் நூலகத்துக்கு எதிரே இருந்த மைதானத்தில் உட்கார இடமில்லை. புருஷனும் பெண்டாட்டியும் மோதுகிறார்கள் என்றால் சும்மாவா? கம்பெனிப் பெண்கள் அம்பத்தூரிலிருந்து கூட்டமாக ரயிலேறி வந்திருந்தார்கள். எட்மண்ட் பேசினான். மணிக்கு ஒரு மணி என்றான், அரிசி விலை என்றான், வேப்பம்பட்டு என்றான். விசில் பறந்தது.

பிறகு ஜெயசீலி மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். "நடுவர் அவர்களே, சபையோர்களே" என்று எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். அதற்கு மேல் செந்தமிழ் ஓடவில்லை. தன் பாஷைக்கே வந்துவிட்டாள்.

"எங்க கம்பெனில ஒரு போர்டு கீது. பத்தாம் தேதி ஆறு மணிக்கு வேல முடியும்னு அதுல நாப்பது நாளா எழுதியிருந்துச்சு. எங்க ஊட்டுக்காரர் சொல்றாரு, காலத்துல முன்னாடி பின்னாடின்னு வரிசதான் கீது, போறது வர்றது எதுவும் இல்லன்னு. செரி. அந்த வரிச எங்களுக்கு மொத நாளே தெரியும். தேதி தெரியும், மணி தெரியும். பத்தாம் தேதி ஆறு மணிக்குப் புதுசா இன்னா தெரிஞ்சுதுன்னு எண்பது பேரும் அப்பாடான்னோம்? வரிச மாறல. போர்டு மாறல. ஆனா ஒண்ணு மாறிச்சு. இருந்தது போயிடுச்சு. அது போகலன்னா, அப்பாடான்ற வார்த்தைக்கு அர்த்தம் இன்னா? அவரையே சொல்லச் சொல்லுங்க!"

கெங்கம்மாள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து கிளம்பிய கைதட்டல் மேடை வரை உருண்டு வந்தது. ஜெயசீலி கூட்டத்தைப் பார்க்கவில்லை, எட்மண்டைத்தான் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு அவளையே கவனித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடத்தில் அவன் இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டது இதுதான் முதல் தடவை.

பதில் சொல்ல வந்தபோது அவன் குரலில் சந்தோஷம் பொங்கியது. "சூப்பர் கேள்வி. ஆனா கேளுங்க. அஞ்சு மணில அவதி கீது. ஆறு மணி ஒரு நிமிஷத்துல அப்பாடா கீது. ரெண்டும் அதது எடத்துல. மொத நாளே ஏன் அப்பாடா இல்லன்னு கேக்கறது, ஆவடில ஏன் வேப்பம்பட்டு இல்லன்னு கேக்கற மாதிரி!"

ஜெயசீலிக்குச் சுருக்கென்றது. இதற்கு அவளிடம் பதில் இல்லை. நல்லவேளை, நடுவர் மணியடித்துவிட்டார்.

கலியமூர்த்தி எழுந்து, கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி துடைத்தார். தீர்ப்பை ஒரு மாதம் ஒத்திவைப்பதாக அறிவித்தார். பட்டிமன்றத்தில் ஒத்திவைப்பா என்று ஒரே கூச்சல். ஆனால் பிப்ரவரியில் அதே மைதானத்துக்கு இரண்டு மடங்கு கூட்டம் வந்தது. "எட்மண்டின் கணக்கை என்னால் அசைக்க முடியவில்லை" என்றார் அவர். "ஆனால் ஜெயசீலியின் அப்பாடாவை அவரால் விழுங்க முடியவில்லை. விழுங்கும் வரைக்கும் காலம் ஓடுகிறது என்றே தீர்ப்பளிக்கிறேன்." பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் தூக்கை எட்மண்ட்தான் வீடு வரை தூக்கி வந்தான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "எங்க ஊட்ல ஜெயிச்சது" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வு என்பதே இல்லாமல் போனது. நெமிலிச்சேரி, பூந்தமல்லி, ஆவடி என்று கோயில் திருவிழாவுக்கும் மாதா கோயில் விழாவுக்கும் இருவரையும் ஒரு ஜோடியாகவே கூப்பிட்டார்கள். ஜெயசீலி வருமானம் பெரிதா சிக்கனம் பெரிதா என்றும் பேசினாள், மாமியாரா மருமகளா என்றும் பேசினாள், நன்றாகவே பேசினாள். ஆனாலும் மனசுக்குள் ஒரு முள். தீர்ப்பு அவள் பக்கம்தான். ஆவடியில் ஏன் வேப்பம்பட்டு இல்லை என்று அவன் கேட்டதற்கு மட்டும் அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

1994 ஆகஸ்ட். அடுத்த ஞாயிறு மாங்காட்டில் பேச வேண்டும். அம்பத்தூரிலிருந்து சாயங்கால வண்டியில் வந்துகொண்டிருந்தாள். அன்றைக்குக் கார்டு எட்மண்ட்தான், கடைசிப் பெட்டியில். இவள் பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள்.

"போன வாரம் பூரா ஓவர்டைம் செஞ்சதுகூடப் பரவால்ல ஜெயா" என்று கெங்கம்மாள் அலுத்துக்கொண்டாள். "நாளிக்கு ஒரு நாள் இருன்றாங்க பாரு, அத நெனச்சாத்தான் வவுத்தெரிச்சலா கீது."

ஜெயசீலியின் கை கம்பியிலிருந்து நழுவியது. வந்துவிட்டது!

"எல்லாரும் கேளுங்கம்மா!" என்று பெட்டி அதிரக் கத்தினாள். "பத்து நாள் ஓவர்டைம், செஞ்சு முடிச்சாச்சு. இல்லன்னா ஒரே ஒரு நாள், இனிமேதான் செய்யணும். ரெண்டுல எது வேணும்?"

"சம்பளம்?" என்றாள் பூக்காரி.

"ரெண்டுக்கும் ஒரே சம்பளம்."

"முடிஞ்ச பத்து!" என்றார்கள் எல்லோரும். ஒரு காலேஜ் பெண் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள்.

இந்தக் களேபரத்தில் பட்டாபிராம் தாண்டிவிட்டது. அடுத்த ஸ்டேஷன் நெமிலிச்சேரியில் குதித்து இறங்கி, புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டிக்கு ஓடினாள். எட்மண்ட் பச்சைக் கொடியோடு வாசலில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் பதறிப்போனான்.

"இன்னா ஆச்சு ஜெயா?"

"பத்து பெருசா, ஒண்ணு பெருசா?"

"பத்துதான்."

"எல்லா அவதியும் அதது எடத்துல அப்படியே கீதுன்னா, வரப்போற ஒரு நாள் அவதிய வுட்டுட்டு, முடிஞ்ச பத்து நாள் அவதிய எவளாவது கேட்டு வாங்குவாளா? பொட்டி பூரா கேட்டுட்டேன். அத்தினி பேரும் பத்துன்றாங்க! ஏன்னு சொல்லுங்க! அது போயிடுச்சு, அதான்!"

எட்மண்டின் வாய் திறந்தது. திறந்தபடியே கை மட்டும் பழக்கத்தில் மணியை அடித்துவிட்டது. வண்டி நகர்ந்தது. அவன் கம்பியைப் பிடித்துப் பாதி உடம்பை வெளியே நீட்டி, கொடியை வீசிக்கொண்டே ஏதோ கத்தினான். சக்கரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பதில் சொல்கிறானா, பாராட்டுகிறானா என்றும் தெரியவில்லை.

ஜெயசீலி பிளாட்பாரத்தில் நின்று மூச்சு வாங்கச் சிரித்தாள். எதிர் வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசிக்க ஆரம்பித்தாள். எதைச் சொல்லியிருந்தாலும், கொடுக்க அவளிடம் இரண்டு பதில் இருந்தது.