பங்குக்கு ஒரு சேலை

பிள்ளைகளே, ஓசூர் போகும் வழியில் கிருஷ்ணகிரியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். எதிரே ரிஜிஸ்டர் ஆபீஸ். அங்கிருந்து ஓர் அம்மாள் மடிப்புக் கலையாத புதுச்சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறாள். கட்டைவிரலில் மை.

"விசேஷமா அம்மா?" என்கிறேன்.

"இல்லீங்க. எங்கப்பன் செத்துட்டாரு. பாரூர் ஏரித்தண்ணி பாயுற நெலம். எம்பங்க அண்ணனுக்கே எழுதிக் குடுத்துட்டேன். அதுக்கு அண்ணன் எடுத்துக் குடுத்த சீலைங்க."

"பெண்ணுக்கும் பங்கு உண்டென்று சட்டமே வந்துவிட்டதே!"

"தெரியுங்க. பங்க வாங்கிட்டா, பொங்கலுக்கு வான்னு கூப்புட எனக்குப் பொறந்த வீடு இருக்காதுங்களே. ஊத்தங்கரை மேட்டுக்காட்டுல கொள்ளு வெதச்சுப் பொழச்சுக்கறேன், போங்க."

பாரூர் பஸ் வந்து நிற்கிறது. ஆபீஸிலிருந்து வந்த அவள் அண்ணன் பத்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்காருகிறார்.

"அண்ணா, பொங்கலுக்குப் புள்ளைங்களக் கூட்டிட்டு வரட்டா?"

டிரைவர் டீ குடிக்க இறங்கிவிட்டார், இன்ஜின் அணைந்திருக்கிறது. அண்ணன் முன்னால் பார்த்தபடியே இருக்கிறார். அவள் இன்னொரு தரம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ் போய்விடுகிறது.

"பஸ் சத்தத்துல அண்ணனுக்குக் கேட்டிருக்காதுங்க, இல்லீங்களா?" என்று என்னைக் கேட்கிறாள்.

"கேட்டிருக்காதம்மா" என்கிறேன்.