மாமியின் வாய்க்குள் மாமா

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, இறந்துபோன ஒருவர் எங்கள் வீட்டில் குடியிருந்தார். மாமியின் வாய்க்குள், இடப்பக்கக் கீழ்த்தாடையில். இது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

மாமி அப்பாவின் தங்கை. மாமா மாரடைப்பில் போனபிறகு கொக்குவிலில் எங்களோடு இருந்தார். காடாத்தன்று சுடலையில் பொறுக்கிய மாமாவின் எலும்புகள், கீரிமலைக் கடலில் கரைக்கப்படாமல், ஒரு மண்முட்டிக்குள் வளவுக்கோடித் தேசிமரத்தில் தொங்கின. கனடாவிலிருந்து மாமாவின் தமையன் வந்துதான் கரைக்கவேண்டுமாம். அவருக்கோ லீவு கிடைத்தபாடில்லை. மூன்று மாதம் நான் அந்தப் பக்கம் தனியே போகவில்லை.

அந்த நாட்களில் மாமி பல் துலக்கினால் முரசு, அதாவது ஈறு, கசிந்து துப்புவதெல்லாம் இரத்தம். பற்களும் ஆடத் தொடங்கின. அப்பா அவரை ரவுணிலுள்ள பல் டொக்டரிடம் கூட்டிப்போனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன். டொக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"முரசு வருத்தம் எலும்பைத் திண்டிட்டுது. முரசைத் திறந்து துப்புரவாக்கி, பள்ளத்துக்கை எலும்புத்தூள் வைச்சுத் தைக்கவேணும். இல்லாட்டி இந்தப் பக்கப் பல்லெல்லாம் போயிடும்."

என்னை வெளியே இருத்திவிட்டு இன்னும் ஏதோ கதைத்தார்கள். திரும்பி வந்த மாமியின் முகம் வெளிறிக் கிடந்தது. ஓட்டோவில் மெல்லச் சொன்னார்: "அண்ணை, அந்த எலும்பு எங்கையிருந்து வாறதெண்டு வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அடுத்த கிழமை சத்திரசிகிச்சை. கன்னம் வீங்க மாமி வீடு திரும்பிய அன்று, தேசிமரத்தில் முட்டியைக் காணவில்லை. தமையனைக் காத்திருந்து அலுத்துப்போன அப்பா, விடியவே அதைக் கீரிமலைக்குக் கொண்டுபோயிருந்தார். அதை எனக்கு யார் சொன்னது? என் கணக்கு எனக்குச் சரியாக வந்தது.

வீக்கத்தில் மாமியின் குரல் தடித்து, மாமாவின் குரல்போலக் கேட்டது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, நாக்கால் தையலைத் தொட்டுப் பார்ப்பார். தலையைச் சாய்த்து, உள்ளே யாரோ சொல்வதைக் கேட்பதுபோல இருப்பார். பிறகு மெல்லத் தலையாட்டுவார். அதுவரை அவர் மடியைவிட்டு இறங்காத நான், அறை வாசலோடு நின்றுகொண்டேன்.

"என்ன பிள்ளை, மாமிக்குக் கிட்ட வாறாயில்லை?" ஒரு பின்னேரம் அந்தக் குரல் கேட்டது.

இனிப் பொறுக்க முடியவில்லை. "மாமா உங்கடை வாய்க்குள்ளையோ இருக்கிறார்?"

ஏசப்போகிறார் என்று நினைத்தேன். மாமி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கண் நிறைந்தது.

"ஓம்," என்றார். "வா, வந்து கேட்டுப் பார்."

கன்னத்தை என் பக்கம் நீட்டினார். நான் கத்திக்கொண்டு வாசல் படலைவரை ஓடினேன்.

அது மாட்டெலும்புத் தூள் என்று கனகாலத்துக்குப் பிறகு அப்பா சொன்னார். மச்சம் மாமிசம் காய்ச்சாத எங்கள் சைவ வீட்டில் மாமி அதை ஒளித்துச் சுமந்திருக்கிறார். பற்கள் தப்பிவிட்டன, இன்றைக்கும் அந்தப் பக்கத்தால் முறுக்குக் கடிக்கிறார். இந்தக் கதையைக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மாமியின் மனம் நோகுமென்று பெரியவர்கள் அவருக்கு முன்னால் மாமாவின் கதையையே எடுப்பதில்லை. அந்த நாட்களில் மாமா எங்கே என்று அவரிடம் கேட்ட ஒரே ஆள் நான். ஒருவராவது கேட்டார்களே என்றுதான் அவர் "ஓம்" சொன்னார் என்பது விளங்க எனக்கு வயது போதவில்லை. நான் ஓடிய நாளிலிருந்து மாமி மாமாவைப் பற்றி யாரோடும் கதைத்ததில்லை.