அப்பா மையால் மறைத்த சொல்

"'கூலி'ங்கற இங்கிலீஷ் வார்த்தை நம்ம தமிழ்லேருந்துதான் போச்சாம்மா," என்றாள் மகள், போனைப் பார்த்தபடி. கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். "உழைப்புக்குக் கொடுக்கற சம்பளம்னுதான் அர்த்தம். வெள்ளைக்காரன்தான் ஆளுக்கே அந்தப் பேர வெச்சிட்டான்."

எனக்குப் பேனா மையின் வாடை வந்தது.

சின்ன வயதில் சூலியா தெருவின் பின்சந்தில் எங்கள் ஒற்றை அறை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். சட்டையில் கிராம்பும் சாக்குத் தூசியும் மணக்கும். சாப்பிடும்போது, "சத்தமா படிம்மா," என்பார். என் பாடப் புத்தகத்து இங்கிலீஷ் புரியாது, ஆனாலும் கேட்பார். பத்து வயதில் ஒருநாள், பெருமையாக என் பிறப்புப் பத்திரத்தையே எடுத்துப் படித்தேன். தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்துவிட்டது. சோற்றில் கை நின்றது. மறுநாள் அந்த இடத்தில் மை அப்பியிருந்தது.

பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போனபோது, மை பட்ட பத்திரம் செல்லாது என்றார்கள். புதுப் பத்திரத்துக்கு மனு கொடுத்த அப்பா, கவுண்டரில் குனிந்து, "தொழிலாளின்னு போட்டுக் குடுங்கலா, தம்பி," என்றார்.

"பதிவுல உள்ளதுதாண்ணே வரும்," என்றார் கவுண்டரில் எழுதிக்கொண்டிருந்த தமிழ்க் கிராணி.

வந்தது. புது டைப்பில் அந்த வார்த்தை முன்னைவிடக் கறுப்பாக இருந்தது. அன்று சாயங்காலம் நான் புத்தகத்தை எடுத்ததும் அப்பா, "மனசுக்குள்ள படிம்மா," என்றார். அப்புறம் எப்போதும் அப்படித்தான்.

"இன்னும் நிறைய போட்டிருக்கும்மா. படிக்கட்டுமா?" என்றாள் மகள்.

"மனசுக்குள்ள படிம்மா," என்றேன்.