சித்திரையில் மழை வராது

சித்திரைப் பௌர்ணமிக்கு மழை வராது என்று ஊருக்கே அறிவித்தவள் நான்தான். அப்போது எட்டாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான் என்பதால், எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கும் என்றே தோன்றியதில்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மாவும் அத்தையும் சேர்ந்து இட்லிக் கடை போடுவார்கள். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு டவுனுக்கு பஸ் ஏறவேண்டும். அனுப்புவதா வேண்டாமா என்பதை வைகாசியில் வந்து சொல்வதாக அப்பா சொல்லியிருந்தார். அவருடைய அக்காவான அத்தைக்கு அதில் குழப்பமே இல்லை. "எட்டு படிச்சது போதும். கடையில கூடமாட நின்னா நமக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்பாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அரிசி ஊறப்போடும்போது அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே புழுக்கமா கீது. மழை வந்தாலும் வரும். கம்மியாவே போடலாம்."

நான் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து வந்தேன். தமிழ்நாட்டுக்கு அதிக மழையைத் தருவது வடகிழக்குப் பருவக்காற்று, அது ஐப்பசி கார்த்திகையில்தான் வீசும். அடிக்கோடு போட்டிருந்த பகுதியைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"நம்மளே பாக்கறோம்ல அத்தை? தீபத்துக்குத்தான் நனையறோம். சித்திரையில எங்கருந்து மழை வரும்?"

அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஒம் பொண்ணு சொன்னா வானம் கேட்டுக்குமா?"

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டவும் வராது. என் கையிலிருந்த புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டி வைத்த அரிசி மூட்டையைத் திரும்பவும் பிரித்து, போட்ட அளவுக்கு இன்னொரு மடங்கு அள்ளிப் போட்டாள். அத்தை உளுந்தைக் கழுவப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் மலை உச்சிவரை பளிச்சென்று தெரிந்தது. பாதை நிறைய ஜனம். நான் புத்தகத்தைக் கடைக்கே கொண்டுபோயிருந்தேன். இட்லி தின்றுகொண்டிருந்த சென்னைக்காரர் ஒருவர், "மழை வருமா பாப்பா? குடை எடுத்துட்டு வரல" என்று பேச்சுக்குக் கேட்டார். பருவக்காற்று வரும் திசையிலிருந்து ஆரம்பித்து நான் அவருக்குப் பாடமே எடுத்துவிட்டேன். "டீச்சரம்மா சொன்னா சரிதான்" என்று அவர் இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டார்.

அவர் கை கழுவுவதற்குள் காற்று மாறியது. முதலில் புழுதி. மலைக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஏதோ எழுந்து வந்தது. ஓர் இடி இடித்தது, அவ்வளவுதான், கொட்டிவிட்டது. அடுப்பு அணைந்தது. ஜனமெல்லாம் கூரை தேடி ஓடியது. தார்ப்பாயை நாங்கள் வீட்டிலேயே விட்டு வந்திருந்தோம், நான் சொன்னதை நம்பி. மாவு அண்டாவை அம்மா தட்டால் மூடுவதற்குள் மழைத்துளிகள் அதில் குழி குழியாக விழுந்தன.

எதிர்க்கடைக் கூரைக்குள் நெருக்கிக்கொண்டு நின்ற கூட்டத்திலிருந்து அந்தச் சென்னைக்காரர் கத்தினார்: "டீச்சரம்மா, அந்த புக்கையாவது குடுங்க, தலைக்குப் பிடிச்சுக்கறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. நான் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையைப் பிழிந்துகொண்டே, "பாப்பா தப்பா சொல்லல அண்ணி. அதுக்கு அந்தப் பாடம் இன்னும் நடத்தல. ஒம்பதாவதுல நடத்துவாங்க" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். அம்மா பேசாமலே இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மிஞ்சிய மாவு புளித்தது. தெருவில் பாதி வீட்டில் எங்கள் மாவில்தான் தோசை. பையன்கள் என்னைப் பார்த்தால், "மழை வராதுடோய்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்த வாரக் கடைசியில் அப்பா போன் செய்து, வியாபாரம் ஏன் நஷ்டமானது என்று கேட்டார். "மழைங்க. நாந்தான் ஜாஸ்தியா ஊறப்போட்டுட்டேன்" என்றாள் அம்மா. அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள். என் படிப்பு அதோடு முடிந்தது என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஆமாண்டா தம்பி, பேய் மழை. சித்திரையில இப்படிக் கொட்டும்னு யாரு கண்டா?"

கண்ட ஒரே ஆள் அவள்தான். என் பெயரைச் சொல்லக்கூட இரண்டு பேருக்கும் வெட்கமாக இருக்கிறது என்று நினைத்து, அன்று சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன்.

வைகாசியில் வந்த அப்பா, பஸ் பாஸுக்கு என்ன செய்யவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஒன்பதாவதில் அந்தப் பாடம் உண்மையாகவே வந்தது. பல வருடங்களாக ஓர் ஊரில் வழக்கமாக இருப்பது காலநிலை. இன்றைக்கு அங்கே நடப்பது வானிலை. கோடையில் தரை சூடேறி, ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து, மேகமாகிச் சாயங்காலத்தில் இடியோடு கொட்டுவது உண்டு. இன்றைக்கு மழை வருமா என்று கேட்டவர்களுக்கு நான் வருடக்கணக்கைச் சொல்லியிருக்கிறேன். கடையில் நடந்தது வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் காதெல்லாம் சுட்டது.

பாடம் அன்றைக்கே புரிந்துவிட்டது. அத்தையைத்தான் எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் என்னை டவுன் பஸ் ஏற்றிவிட அவள்தான் வருவாள். பஸ் வரும்வரை மலையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்னா சொல்லுது ஒம் புக்கு?" என்று கேட்பாள். கேலி செய்கிறாள் என்றே அப்போது நினைத்து, ஒரு நாளும் பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன்.